கார் கட்டுப்பாட்டுப் பயிற்சி: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

லைசென்ஸ் வாங்கி, நெடுஞ்சாலையும் ஓரளவு பழகியவர்களுக்கு இது.

படி 1: வகையைப் பிரியுங்கள்

'அட்வான்ஸ்டு டிரைவிங்' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வகுப்புகள் நடக்கின்றன: சாலையில் ஆபத்தை முன்கூட்டியே கவனிப்பது, மூடிய மைதானத்தில் பிரேக்கும் வழுக்கலும், பந்தயத் தடத்தில் வேகம். கார் கைமீறும்போது என்ன செய்வது என்று பழக இரண்டாவதுதான் சரி. காரை வேண்டுமென்றே பக்கவாட்டில் சறுக்கவிடும் டிரிஃப்ட் வகுப்பு ஜாலியாக இருக்கும், ஆனால் இந்தத் தேவைக்கு அது உதவாது.

படி 2: ஸ்டீயரிங் பிடிக்கும் நிமிடங்களைக் கணக்கிடுங்கள்

'ஒரு நாள் பயிற்சி' என்பதை நம்பிவிடாதீர்கள். 6 மணி நேரத்தில் 2 மணி நேரம் பாடம் போனால் மிச்சம் 240 நிமிடம். ஒரு காருக்கு 8 பேர் என்றால் ஆளுக்கு 30 நிமிடம்தான். இரண்டே பேர் என்றால் 120. "ஒரு காருக்கு எத்தனை பேர்?" என்று நேராகக் கேளுங்கள். பதிலில் மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

படி 3: பிரேக் பாடம் எப்படி நடக்கிறது?

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். அவசரத்தில் பிரேக்கை முழுதாக மிதித்தால், சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும். பெடல் காலடியில் அதிரும், கடகடவென்று சத்தம் வரும். ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்துக் காலைத் தளர்த்திவிடுகிறோம், கார் இன்னும் பல மீட்டர் ஓடிவிடும். அதிர்ந்தாலும் அழுத்தம் குறையக் கூடாது. இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. கால்தான் பழக வேண்டும்.

அதனால் குறைந்தது பத்து முறையாவது முழு பிரேக் அடிக்க விடுகிறார்களா என்று கேளுங்கள். முதலில் 40 கிமீ வேகத்தில், பிறகு 80-இல். வேகம் இரட்டிப்பானால், பிரேக் மிதித்த பிறகு கார் நிற்கும் தூரம் ஏறக்குறைய நாலு மடங்காவதைக் கூம்புகளுக்கு நடுவே கண்ணால் பார்ப்பீர்கள். அடுத்தது, பிரேக்கை விடாமலே தடையைச் சுற்றித் திருப்புவது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் காப்பதே இந்தத் திருப்பத்துக்காகத்தான். அப்போது கண் கூம்பில் ஒட்டிக்கொண்டால் காரும் கூம்புக்கே போகும். போக வேண்டிய இடைவெளியைப் பாருங்கள்.

படி 4: வழுக்குத் தரை

நீர் தெளித்த தரை இருந்தால் குறைந்த வேகத்திலேயே கார் நழுவும், பாதுகாப்பாகப் பழகலாம். முன்சக்கரம் நழுவும்போது ஸ்டீயரிங்கை இன்னும் வளைப்பது வீண். ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தி, ஸ்டீயரிங்கைச் சற்று நேராக்கினால் பிடிமானம் திரும்பும். ஆனால் வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னே சாய்ந்து, பின்பக்கம் லேசாகி, கார் சுழலக்கூடும்.

"எந்த வழுக்கலையும் சமாளிக்கக் கற்றுத்தருவோம்" என்று மார்தட்டும் இடத்தைத் தவிர்த்துவிடுவேன். நழுவல் எப்போது தொடங்கும், அதற்கு முன்னே வேகத்தை எப்படிக் குறைப்பது என்பதைச் சொல்லித்தரும் ஆசிரியரே நல்லவர். வெறும் தன்னம்பிக்கை மட்டும் ஏறி வீடு திரும்பினால் சாலையில் வேகமும் கூடவே ஏறும்.

படி 5: உங்கள் காரிலேயே பழகுங்கள்

முடிந்தால் சொந்தக் கார்தான் என் தேர்வு. பெடலின் எடையும் இருக்கையின் உயரமும் காருக்குக் கார் மாறும். போகுமுன் டயர் காற்றழுத்தத்தை, டயர் குளிர்ந்திருக்கும்போதே, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். டிஜிட்டல் கேஜ் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. டிக்கியைக் காலி செய்யுங்கள். மெல்லிய அடியுள்ள ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் பஞ்சு போல் அமுங்கும்.

பின்சேர்க்கை: பயிற்சி நடுவே கருகிய வாசம் வருகிறதே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் சூடேறிய பிரேக் பேட்தான். உடனே நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். இரண்டு சுற்று பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். இன்னொன்று, மைதானத்தில் அடிபட்டால் காப்பீடு செல்லுமா என்பதை உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள்.