குடியிருப்பவரோடு வீடு வாங்குவோர் செய்யும் தவறுகள்

“வாங்குங்கோ, அவை ஒரு மாதத்திலை எழும்பிப் போயிடுவினம்.” விற்பவர் சொன்ன இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் என் உறவினர் யாழ்ப்பாணம் கொக்குவிலில் வீடு வாங்கினார். உறுதி (சொத்துப் பத்திரம்) எழுதி முடிந்து சாவி கேட்டுப் போன அன்று, அங்கே குடியிருந்த வயதான அம்மா ஒரு பிஸ்கட் ரின்னைத் திறந்து காட்டினார். 1979 இலிருந்து மாதாமாதம் வாங்கிய வாடகைப் பற்றுச்சீட்டுகள், ஆண்டு வாரியாகக் கட்டி வைத்திருந்தார். 1995 இடப்பெயர்வுக் கால மாதங்கள் மட்டும்தான் அதில் இல்லை.

“என் வீடு, எனக்குத் தேவை, ஏன் விடமாட்டார்கள்?” என்று உறவினர் கேட்டார். இலங்கையின் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் 22(7) ஆம் பிரிவு அந்த இடத்தில்தான் குறுக்கே நிற்கிறது. அந்தச் சட்டத்துக்குட்பட்ட வீட்டில் வாடகைக்காரர் குடிவந்த பிறகு நீங்கள் அதை விலைக்கு வாங்கினால், “நான் குடியிருக்க வேண்டும்” என்ற காரணத்தை வைத்து வழக்குப் போட முடியாது. வாடகை நிலுவை போன்ற காரணங்கள் வேறு. எல்லா வீட்டுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்பதால், சட்டத்தரணியிடம் முதலில் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

சீதன வீட்டில் பலர் தடுமாறுகிறார்கள். பெற்றோரிடமோ கணவன், மனைவியிடமோ நன்கொடையாக அல்லது முதுசமாக (வாரிசுரிமையாக) வந்த வீட்டுக்கு இந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் கொடுத்தவர், வாடகைக்காரர் வருவதற்கு முன்பே அதன் சொந்தக்காரராக இருந்திருக்க வேண்டும். அப்பா ஆள் இருக்கும் வீட்டை வாங்கி, மகளுக்குச் சீதனமாக எழுதினால் அந்த விலக்குக் கிடைக்காது. மாமா எழுதிக் கொடுத்தாலும் அப்படியே. விலக்குக் கிடைத்தாலும் தேவை நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும், இரு பக்கத்துக் கஷ்டத்தையும் எடைபோடும். வருடத்துக்கு ஒருமுறை நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து தங்க ஒரு வீடு வேண்டும் என்பது அங்கே எவ்வளவு எடுபடும் என்று நீங்களே யோசியுங்கள்.

பொறுமை இழந்து கேற்றுக்குப் பூட்டுப் போடுவது, மோட்டர் வயரைக் கழற்றுவது, நாலு பெடியளைக் கூட்டிப்போய் சாமானை வெளியே எடுத்து வைப்பது இன்னும் மோசம். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் கீழ் விடயம் நீதிமன்றத்துக்குப் போனால், அதற்கு முந்திய 2 மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவருக்கு உடைமையை மீளக் கொடுக்கலாம். உறுதி யார் பெயரில் என்பது அங்கே பேச்சில்லை. அதோடு, அந்த வயதில் ஒரு அம்மாவின் சட்டி பானையைத் தெருவில் வைப்பது மனிதர் செய்கிற வேலையும் இல்லை.

பழைய சொந்தக்காரரோடு செய்த வாடகை, வீடு கைமாறியதோடு முறிந்துவிடும் என்று நினைப்பதும் பிழை. ஒல்லாந்தர் வழியாக இலங்கைக்கு வந்த நமது ரோமன் டச்சுச் சட்டத்தில் விற்பனை வாடகையை முறிக்காது. வாங்கியவர் விற்றவரின் இடத்தில் நிற்கிறார்.

அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே நேரில் போங்கள். குடியிருப்பவரிடம் எந்த ஆண்டு வந்தீர்கள் என்று கேளுங்கள், பற்றுச்சீட்டு இருந்தால் பாருங்கள், அதன் பிறகு சட்டத்தரணியிடம் போங்கள். வெறும் வீடாகத்தான் கையளிக்க வேண்டும் என்று விற்பனை உடன்படிக்கையில் எழுதுங்கள். வீடு காலியாகும் வரை மீதிக் காசு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.