வாசல் விளக்கில் துருப்பிடித்து இறுகிய ஸ்குரூக்களைக் கழற்றும் முறை

கடலோர ஊர்களில் மதில் தூண்களில் மாட்டியிருக்கும் பழைய வார்ப்பு அலுமினிய விளக்குகளில் கூடு நன்றாகவே இருக்கும். மூடியைப் பிடித்திருக்கும் இரும்பு ஸ்குரூக்கள்தாம் அசையாது. இரும்பும் அலுமினியமும் சேருமிடத்தில் உப்பு ஈரம் தங்கும்போது அலுமினியம் விரைவாக அரிக்கப்படுகிறது. ஸ்குரூத் தலையைச் சுற்றிப் பூத்திருக்கும் வெண்பொடி அதன் அடையாளம். அப்பொடியும் துருவும் மரையின் இடுக்கில் உப்பி இறுகிவிடுவதால், கைவலிமையை மட்டும் நம்பித் திருகினால் தலை முறிந்துவிடும். அப்படி முறிந்த ஸ்குரூவைத் துளையிட்டு எடுக்க எனக்கு ஒரு பகல் முழுவதும் ஆயிற்று.

முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். விளக்கின் சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால் விளக்கில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். விளக்கில் மின்சாரம் இல்லை என்பதை உறுதிசெய்யும் டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை முன்னதாகவே மின்சாரம் உள்ள ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இயன்றால் விளக்கைச் சுவரிலிருந்து இறக்கி, வயர்களைப் பிரித்துவிடுங்கள். வெண்பொடியைப் பழைய பல் துலக்கியால் தேய்த்தெடுத்து, ஸ்குரூவின் வெட்டில் அடைந்திருக்கும் பெயின்டை ஊசியால் சுரண்டுங்கள். பிறகு டபிள்யூடி-40 போன்ற ஊடுருவும் எண்ணெயை மரை தொடங்கும் இடத்தில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, திருப்புளியின் முனையைத் தலையில் பொருத்தி, அதன் பிடியைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். அந்த அதிர்வில் துரு விரிசல் விட்டு எண்ணெய் உள்ளே இறங்கும். ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். இந்த வேலையில் பாதிக்கு மேல் காத்திருப்பதுதான்.

மறுநாள், வெட்டை முழுதாக நிரப்பும் அகலமுள்ள திருப்புளியை உடல் எடை கொடுத்து அழுத்தி, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூலளவு திருப்புங்கள். ‘டக்’ என்ற சிறு ஓசை கேட்டால் பிடி விட்டது என்று பொருள். பின்னர் கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று இறுக்கி, மீண்டும் எண்ணெய் விட்டு முன்னும் பின்னுமாகக் கொண்டுவாருங்கள்.

அப்போதும் அசையாவிட்டால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, முடி உலர்த்தும் கருவியால் கூட்டைச் சூடாக்குங்கள். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால் துளை சற்றே இளகும். எண்ணெய் பட்ட இடத்தில் தீச்சுடரைக் காட்டவே கூடாது.

திரும்பப் பூட்டும்போது துருப்பிடிக்காத எஃகு ஸ்குரூக்களைப் போடுங்கள். அவையும் அலுமினியத்தை அரிக்கக்கூடும் என்பதால் மரையில் கிரீஸ் தடவியே பூட்டவேண்டும். மூடியின் ரப்பர் வளையத்தில் மட்டும் அது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.