ஒன்பதாம் கோளை நோக்கி: 'தி க்ரூ' ஆடத் தொடங்குவது எப்படி?

விண்வெளிப் பயணம், 50 பணிகள் கொண்ட தொடர்கதை, எல்லோரும் ஓரணி என்றெல்லாம் கேள்விப்பட்டுத்தான் 'தி க்ரூ: தி குவெஸ்ட் ஃபார் பிளானெட் நைன்' பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஆட்டப் பலகைகூட இல்லை. சீட்டுகள், சில வில்லைகள், ஒரு பயணக் குறிப்பேடு, அவ்வளவுதான். நால்வராகப் பத்துப் பணிகளை முடித்துவிட்ட இன்று, அந்த ஏமாற்றம் போன இடம் தெரியவில்லை.

தாமஸ் ஸிங் வடிவமைத்த இந்த ஆட்டம் 2019இல் ஜெர்மனியில் வெளிவந்தது; மறு ஆண்டே அங்கு, ஆட்ட அனுபவம் உள்ளவர்களுக்கான ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்குத் தரப்படும் 'கென்னர்ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருதைப் பெற்றது. கதையின் வித்து உண்மையான வானியலில் இருக்கிறது. நெப்டியூனுக்கு அப்பால் ஒன்பதாவது கோள் ஒன்று இருக்கக்கூடும் என்று 2016இல் கான்ஸ்டன்டின் பேடிகின், மைக் பிரவுன் என்ற இரு வானியலாளர்கள் கணித்தார்கள். அதைத் தேடித்தான் நாம் கிளம்புகிறோம்.

படி 1: சீட்டுகளைப் பங்கிடுங்கள்

பெரிய சீட்டுகள் 40. நான்கு நிறங்கள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை. இவற்றோடு 1 முதல் 4 வரை எண்ணிட்ட ராக்கெட்டுகள். ராக்கெட்தான் துருப்பு; எந்த நிறத்தையும் அது வெல்லும். எல்லாச் சீட்டுகளையும் கலைத்துப் பங்கிடுங்கள். நான்காம் எண் ராக்கெட் யாரிடம் வருகிறதோ அவரே தளபதி. அவர் அதை உடனே சொல்லிவிட வேண்டும். முதல் சுற்றைத் தொடங்குவதும் அவரே. ஆளுக்கு ஒரு சீட்டை மேசையில் இறக்குவதுதான் ஒரு சுற்று.

படி 2: இலக்கைத் தேர்ந்தெடுங்கள்

சிறிய சீட்டுகள் 36 உண்டு. பணி கேட்கும் எண்ணிக்கையில் அவற்றை விரித்து வையுங்கள். தளபதியில் தொடங்கி வரிசையாக ஆளுக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். அதில் எந்தச் சீட்டு அச்சிடப்பட்டிருக்கிறதோ, அது விழும் சுற்றை, அந்த இலக்கை எடுத்தவரே வெல்ல வேண்டும். வேறொருவர் கைக்கு அது போனால், அந்த நொடியே பணி தோற்றது.

புதியவர்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 9 உங்கள் கையில் இருந்தால் அதையே இலக்காக எடுப்பது எளிது. கையில் இருக்கும் 1ஐ எடுத்தால் பெரும்பாடு. மற்ற எவரிடமும் அந்த நிறம் மிச்சமில்லாதபோதுதான் அதை இறக்கி வெல்ல முடியும். அப்போதும் யாரும் துருப்பு போடாமல் இருக்க வேண்டும். அதே 1 வேறொருவர் கையில் இருந்தால் கவலையில்லை, உங்கள் பெரிய சீட்டு அதை வாரிக்கொள்ளும்.

படி 3: சுற்றுகளை ஆடுங்கள்

முதலில் இறங்கிய நிறம் கையில் இருந்தால் அதையே போட வேண்டும். இல்லையென்றால் எதையும் போடலாம். அந்த நிறத்தின் பெரிய எண் வெல்லும். ராக்கெட் விழுந்தால் பெரிய ராக்கெட் வெல்லும். வென்றவர் அடுத்த சுற்றைத் தொடங்குவார்.

படி 4: பேசாதீர்கள், ரேடியோ வில்லையைப் பயன்படுத்துங்கள்

ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கையில் என்ன இருக்கிறது என்று வாயாலும் சொல்லக் கூடாது, சாடையாலும் காட்டக் கூடாது. ஆளுக்கு ஒரு ரேடியோ வில்லை மட்டும் உண்டு. ஒரு பணியில் ஒரே ஒரு முறை, இரு சுற்றுகளுக்கு நடுவிலோ முதல் சுற்றுக்கு முன்போ, ராக்கெட் அல்லாத ஒரு சீட்டை எல்லோரும் பார்க்கத் திருப்பி வைத்து அதன்மேல் வில்லையை வைக்கலாம். சீட்டின் மேற்பகுதியில் வைத்தால் 'இந்த நிறத்தில் என்னிடம் இதுவே பெரியது', கீழ்ப்பகுதியில் வைத்தால் 'இதுவே சிறியது', நடுவில் வைத்தால் 'இது ஒன்றுதான் இருக்கிறது' என்று பொருள். இந்த மூன்றில் ஒன்று உண்மையாக இருந்தால்தான் காட்ட முடியும். காட்டிய சீட்டு உங்கள் கைச்சீட்டுதான். வழக்கம்போலவே ஆட வேண்டும்.

நான்காம் பணியில் நடந்ததைச் சொல்கிறேன். பச்சை 9 நண்பரின் இலக்கு. சீட்டோ என் கையில். என்னிடம் வேறு பச்சை கிடையாது. யாராவது பச்சையில் தொடங்கினால் அதைப் போட்டே ஆக வேண்டும். ராக்கெட் விழாவிட்டால் நானே வென்று பணியைக் கெடுத்துவிடுவேன். அதை முன்னே வைத்து, நடுவில் வில்லையை வைத்தேன். அதன்பின் ஒருவரும் பச்சையில் தொடங்கவில்லை. முதல் மஞ்சள் சுற்றில் என் ஒரே மஞ்சளைப் போட்டேன். அடுத்த மஞ்சள் சுற்றை என் தங்கை 8ஐ இறக்கித் தொடங்கினாள். நான் நீலம் 1ஐத் தள்ளினேன். நண்பர் அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தன் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நீலச் சுற்றை வென்று, மஞ்சள் 9ஐ மெல்ல மேசையில் வைத்தார். என் பச்சை 9 அதன்மேல் விழுந்தது. ஒரு வார்த்தை பேசாமல் அவர் மனதில் இருந்ததை நான் படித்தேன், என் மனதை அவர் படித்தார். இத்தனை ஆண்டுகள் சீட்டாடியும் நான் காணாத மகிழ்ச்சி அது.

ஆகவே வில்லையை எடுத்த எடுப்பிலேயே செலவழிக்காதீர்கள். உங்கள் பெரிய எண்ணைக் காட்டிப் பெருமைப்படுவதைவிட, எந்தச் செய்தி தெரியாவிட்டால் கூட்டாளி தவறு செய்வார் என்று பாருங்கள். நாங்கள் முதலில் தோற்ற ஆட்டங்களில் பெரும்பாலும் பிழை இதுதான்.

படி 5: குறிப்பேட்டைத் தாண்டிப் போகாதீர்கள்

ஒவ்வொரு பணிக்கும் முன்னால் ஒரு சிறு கதைப் பகுதி உண்டு. யாராவது அதை உரக்கப் படிக்கட்டும். விதிகள் கதையோடு சேர்ந்தே மாறுகின்றன. ஐந்தாம் பணியில் ஒருவருக்கு உடல்நலமில்லை. தளபதி ஒவ்வொருவரையும் நலம் விசாரிப்பார். 'நன்றாக இருக்கிறேன்', 'நன்றாக இல்லை' என்ற இரண்டில் ஒன்றைத்தான் பதிலாகச் சொல்லலாம். அதைக் கேட்டு நோயாளி யார் என்று அவர் முடிவு செய்வார். அந்த நோயாளி ஒரு சுற்றைக்கூட வெல்லக் கூடாது! கதையைப் படிக்காமல் ஆடினால் இது வெறும் விதி. படித்துவிட்டு ஆடினால் படுத்திருக்கும் ஆளை எழுப்பாமல் கப்பலை ஓட்டுகிறோம்.

தொடர்ந்து தோற்றால் அபாய அறிவிப்பைப் பயன்படுத்தலாம். முதல் சுற்றுக்கு முன் எல்லோரும் ஒரே திசையில், ராக்கெட் அல்லாத ஒரு சீட்டைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ள வேண்டும். அதற்கு விலையாக முயற்சிக் கணக்கில் ஒன்று கூடும். அப்படியும் தோற்றால், அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, சீட்டைக் கலைத்து, அதே பணியை மறுபடி தொடங்குங்கள்.