ஆட்டுக்கறி பத்து: புது ஆர்பிஜி தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருந்தான். தள்ளுபடியில் வாங்கிய டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன் என்ற ஆர்பிஜியை (ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடும் கேம்) என் கணினியில் ஓட்டிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "என்ன மாமா, ஒரே ஆடு வெட்டுற கேமா இருக்கு" என்றான். எட்டிப் பார்த்தேன். ஹின்டர்லேண்ட்ஸ். பல வருடங்களுக்கு முன் நான் சிக்கிக்கொண்ட அதே மலை, அதே ஆடு.

சேவ் செய்ய மறப்பது, எந்தப் பட்டன் எதற்கு என்று முழிப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. இரண்டு நாளில் அவை தானாகச் சரியாகிவிடும். நல்ல கேமைக்கூட மொக்கை என்று நினைக்க வைக்கும் தவறுகள்தான் எனக்கு எரிச்சல்.

முதல் ஊரைத் துடைத்தெடுக்காமல் நகரமாட்டேன் என்பது

இன்குவிசிஷன் 2014 நவம்பரில் வந்தது. முழு விலை கொடுத்து வாங்கினேன். தொடக்கக் காட்சிகள் முடிந்ததும் அனுப்பப்படும் முதல் பெரிய இடம் ஹின்டர்லேண்ட்ஸ். மேப்பைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் குறிகள். அகதிகளுக்கு ஆட்டுக்கறி பத்து வேண்டும். குளிருக்குப் போர்வை வேண்டும். மலைமேல் மினுங்கும் சில்லுகளைப் பொறுக்க வேண்டும். வழியெல்லாம் மூலிகை. பரீட்சையில் ஒரு கேள்வியையும் விடக்கூடாது என்று வளர்ந்தவன் நான், ஒன்றையும் விடவில்லை. வடகிழக்கு மூலையில் ஒரு டிராகன் இருக்கிறது. அது பன்னிரண்டாம் லெவல். நான் நான்காம் லெவலில் போய் நின்று, கரியாகி, லோட் செய்து, மறுபடி கரியானேன். இருபது மணி நேரம் தாண்டியும் கதை ஓரடி நகரவில்லை.

நகர்த்த வேண்டியவன் நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. அந்த இடம் ஒரே மூச்சில் முடிப்பதற்கானதே அல்ல. நாலைந்து வேலை செய்தாலே 'பவர்' என்ற புள்ளிகள் கொஞ்சம் சேரும். நம் முகாம் ஊரான ஹேவனுக்குத் திரும்பி, போர் மேசையில் அதைச் செலவழித்து வால் ரோயோ நகரத்துக்குப் போகலாம். மந்திரவாதிகளா, அவர்களை அடக்கிவைக்கும் வீரர்களான டெம்ப்ளர்களா என்று யார் பக்கம் சாய்வது என்ற இழுபறி அங்கேதான் சூடு பிடிக்கிறது. டிராகன் எங்கும் ஓடிவிடாது, லெவல் ஏறியபின் வந்து பார்த்துக்கொள்ளலாம். என்னைப் போல இத்தனை பேர் மாட்டிக்கொண்டதால், கேமை உருவாக்கியவர்களே "ஹின்டர்லேண்ட்ஸை விட்டுக் கிளம்புங்கள்" என்று சொல்ல வேண்டி வந்தது.

நான் கிளம்பவில்லை, அன்இன்ஸ்டால் செய்தேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "சுத்த போர், வாங்காதே" என்று வேறு சொல்லித் திரிந்தேன். ஒரு நண்பன் என் பேச்சை நம்பி வாங்காமலே விட்டுவிட்டான். இரண்டு வருடம் கழித்து மறுபடி தொடங்கி, இந்த முறை அரைகுறையாகவே ஹின்டர்லேண்ட்ஸைத் தாண்டினேன். ஹேவனில் நடப்பதையும், அதற்கப்புறம் வரும் பனி நடையையும் பார்த்தபோது அவனுக்கு போன் செய்யக்கூட வெட்கமாக இருந்தது.

அக்கா மகனிடம் ஒன்றுதான் சொன்னேன்: "ஆட்டை விடுடா, ஊரை விட்டுக் கிளம்பு."

சண்டைக்கு அழைத்தவுடன் போய் நிற்பது

இது நேரெதிர் நோய். எல்டன் ரிங்கில் (2022) முதல் பகுதியான லிம்கிரேவுக்குள் காலடி வைத்ததுமே, தங்கக் கவசத்தில் குதிரைமேல் ஒருவன் உலாத்துவான். புதியவர்கள் அவனிடம் முப்பது முறை செத்துவிட்டு, "கேமே அநியாயம்" என்பார்கள். சுற்றிக்கொண்டு போகலாம் என்று சொல்லித்தரவே அவனை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். உங்களுக்கும் குதிரை கிடைக்கும், அப்புறம் வாருங்கள்.

தூங்காமல் ஓடுவது

பால்டர்ஸ் கேட் 3 தொடங்கியதும் மூளைக்குள் ஒரு புழுவை வைத்துவிட்டு, சீக்கிரமே உருமாறிவிடுவாய் என்று பயமுறுத்துகிறார்கள். அதை நம்பி லாங் ரெஸ்ட் (முகாமில் இரவுத் தூக்கம்) எடுக்காமல் ஓடுபவர்கள் ஏராளம். மந்திரம் தீர்ந்து, அடிபட்டு, சண்டை கஷ்டம் என்று புலம்புவார்கள். அதைவிடப் பெரிய இழப்பு, கூட வருபவர்கள் மனம் திறந்து பேசுவதில் பாதி முகாமில் இரவில்தான் என்பது. சாதாரண கடின நிலையில் ஒரு இரவுக்கு நாற்பது அளவு உணவுப் பொருள் போதும். கண்ணில் பட்ட பீப்பாயைக் கிளறினாலே சேர்ந்துவிடும். எரியும் சத்திரம் போன்ற சில இடங்களில் மட்டும் வேலையை முடித்துவிட்டுத் தூங்குங்கள்.

கேரக்டர் உருவாக்கத்தில் குடியிருப்பது

மூக்கைச் சரிசெய்தே ஒன்றரை மணி நேரம் போய்விடும். ஸ்டீம் என்ற கேம் கடையில் பணம் திரும்பக் கேட்க, வாங்கிய பதினான்கு நாளுக்குள் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருக்க வேண்டும். அதில் மிச்சம் அரை மணி நேரத்தை வைத்துக் கேமை எடைபோடுவது எப்படி? வகுப்பு (போர்வீரன், மந்திரவாதி போன்ற பாத்திர வகை) தப்பாகிவிடுமோ என்ற பயமும் வேண்டாம்: பால்டர்ஸ் கேட் 3-இல் விதர்ஸ் என்ற எலும்புக் கிழவரிடம் நூறு காசு கொடுத்தால் மாற்றித் தருவார்.

விக்கி

கேமின் ரகசியங்களையெல்லாம் எழுதி வைத்திருக்கும் தளம். முதல் பத்து மணி நேரம் மூடி வையுங்கள்.

தோற்றவுடன் லோட் செய்வது

டிஸ்கோ எலிசியத்தில் உடல் பலம் குறைந்த துப்பறிவாளன், மின்விசிறியில் தொங்கும் தன் டையை எடுக்கப்போயே செத்துவிடலாம். அதற்கு மட்டும் லோட் செய்யுங்கள், மற்றத் தோல்விகளோடு அப்படியே தொடருங்கள்.

மருந்தைச் சேர்த்து வைப்பது

குடியுங்கள். விட்சர் 3-இல் ஒருமுறை காய்ச்சிய மருந்து, பையில் சாராயம் இருந்து தியானத்தில் உட்கார்ந்தால் தானாகவே நிரம்பிவிடும். நான் இது தெரியாமல், கடைசிச் சண்டைக்கு வேண்டுமே என்று ஒரு சொட்டுத் தொடாமல் காத்தேன். சாராயத்தையும் காசுக்கு விற்றுக்கொண்டிருந்தேன்.