கொம்பு எழுத்தில் தடுக்கும் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லித் தருவது எப்படி?

அக்கா மகன் மூன்றாம் வகுப்பு. பேச்சில் படுசுட்டி, புத்தகத்தைத் திறந்தால் வாய் மூடிக்கொள்ளும். அவனுக்குப் பலன் தந்ததை மட்டும் எழுதுகிறேன். உயிரும் மெய்யும் அடையாளம் தெரிந்த பிள்ளை என்று வைத்துக்கொள்கிறேன்.

1. 247 எழுத்து அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றி வையுங்கள். க, ட, ப, ம, ல ஐந்தும், காலும் புள்ளியும் போதும். கடல், பால், பட்டம், கப்பல், பாடம் எல்லாம் இதற்குள்ளேயே வந்துவிடும். முதல் நாளே முழுச் சொல் வாசித்தால்தான் பிள்ளைக்குத் தெம்பு வரும்.

2. அடுத்து கொம்பு. பெரும்பாலான பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 'பொ' எழுத்தில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வர வேண்டியது 'ப்'. அதனால் 'பொம்மை'யை 'பெ... பா...' என்று பிய்த்து வாசிப்பார்கள். திட்டிப் பயனில்லை, கண் இடமிருந்து வலமாகச் சரியாகத்தான் போகிறது.

பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி ப, கொம்பு, கால் மூன்றையும் தனித்தனி அட்டையில் எழுதுங்கள். நடுவில் ப. இடப்பக்கம் கொம்பு வைத்தால் பெ. வலப்பக்கம் காலும் சேர்ந்தால் பொ. கொம்பை எடுத்தால் பா. பிள்ளையே கையால் நகர்த்த வேண்டும், நீங்கள் அல்ல. கூடவே ஒரு விதி: 'கொம்பைப் பார்த்தால் வாயைத் திறக்காதே, பின்னால் கால் இருக்கிறதா என்று பார்.' இது பழகியதும் இரட்டைக் கொம்பு. அப்புறம் செல்–சொல், தேள்–தோள் என்று ஜோடி ஜோடியாக வாசிக்கச் சொல்லுங்கள். இந்தப் படியில் அவசரம் வேண்டாம்.

3. உகர வரிசையில் ஒரே குறி கிடையாது. பு, சு, வு, யு ஒரு கூட்டம், கோடு கீழே இறங்கும். து, நு, லு, று இன்னொரு கூட்டம். கு, டு, மு, ரு ஆளுக்கொரு தினுசு. கூட்டம் கூட்டமாக, தாம்பாளத்தில் ரவை பரப்பி, சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதட்டும். செயலியைவிட எனக்கு ரவைதான் பிடிக்கும். கண், காது, விரல் மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன.

4. எழுத்துப்பிழை. ந, ன, ண குழப்பத்துக்கு விதி உண்டு: சொல் தொடக்கத்தில் ந, த-வுக்கு முன் ந், ட-வுக்கு முன் ண், ற-வுக்கு முன் ன். பந்து, வண்டி, கன்று. ல, ள, ழவுக்கு அப்படி எளிய விதி இல்லை. வீட்டில் 'பளம்' என்று சொல்லும் பிள்ளை காதை நம்பி எழுதினால் தப்பாகத்தான் வரும். பழம், மழை, வாழை என்று குடும்பம் குடும்பமாகப் பழக்குங்கள். பத்து முறை இம்போசிஷன் வேண்டவே வேண்டாம், பத்தாவது முறை கை மட்டும்தான் எழுதும். பார், மூடு, எழுது, திறந்து சரிபார். ஒரு நாளைக்கு நான்கைந்து சொல் போதும்.

பின்சேர்க்கை: 'என் மகள் பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறாள், புதுப் புத்தகம் கொடுத்தால் திணறுகிறாள்' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். மனப்பாடமாக இருக்கலாம். பத்தியின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மாதக்கணக்கில் பழக்கியும் அசையவில்லையா? சிறப்புக் கல்வி ஆசிரியரிடம் காட்டுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இடம்பெற்றிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம்.