அடிமைகளின் வரலாற்றை மாற்றி எழுதுகிறீர்களா? வரவு யாருக்கு என்று பாருங்கள்

டெல்லியில் நம் தமிழ் நண்பர்கள் சிலர் மாற்று வரலாற்றுக் கதைகள், அதாவது நடந்தது வேறு மாதிரி நடந்திருந்தால் என்ற கற்பனைக் கதைகள், எழுதுகிறார்கள். அதில் அடிமை முறையைத் தொடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு ராஜா போரில் ஜெயித்திருந்தால் என்று எழுதுவது வேறு, விற்கப்பட்ட மனிதர்களின் வாழ்க்கையில் கைவைப்பது வேறு. அவர்களுடைய சந்ததியும் நம் கதையைப் படிக்கும்.

முதலில், நடந்ததைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளுங்கள். திருப்பாம்புரம் கோயில் கல்வெட்டையே எடுத்துக்கொள்வோம். சோழ மன்னன் மூன்றாம் குலோத்துங்கன் காலம், 1201 வாக்கில் பஞ்சம், ஒரு காசுக்கு மூன்று நாழி நெல்தான் கிடைத்தது. ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார்கள்.

இப்போது உங்கள் கதையில் அந்த வருடம் மழை பெய்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் பிழைத்தது, சுபம் என்று முடித்துவிடாதீர்கள், ஏனென்றால் மூன்று பேரை விலைக்கு வாங்கும் அளவுக்குக் காசு வைத்திருந்தவர்களும், விற்பனையைக் கல்லில் வெட்டி வைக்கும் ஏற்பாடும் அங்கேயேதான் இருக்கின்றன, அடுத்த பஞ்சத்துக்கு வேறொரு குடும்பம் வந்து நிற்கும். வானிலையை மட்டும் மாற்றினால் குற்றம் மழையின் தலையில் விழுந்துவிடும், வாங்கியவர் தப்பித்துவிடுவார். எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், ஆனால் லாபம் யாருக்குப் போனது என்பதை மறைக்காதீர்கள்.

சட்டத்தை முன்கூட்டியே கொண்டுவரும் கதைக்கும் இதே சோதனைதான். 1833 பிரிட்டிஷ் ஒழிப்புச் சட்டம் 2 கோடி பவுண்டு நஷ்டஈட்டை உடைமையாளர்களுக்கு ஒதுக்கியது, அடிமைகளுக்கு ஒரு பென்னிகூட இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட இந்தியாவை அந்தச் சட்டம் விட்டுவிட்டது. இங்கே வந்த 1843 சட்டமும் நீதிமன்றங்கள் அடிமை உரிமையை ஏற்கக் கூடாது என்று சொன்னதோடு சரி, அடிமையாக விற்பதும் வாங்குவதும் தண்டனைக்குரிய குற்றமானது 1860 தண்டனைச் சட்டத்தில்தான். உங்கள் கதையில் ஐம்பது வருடம் முன்பே விடுதலை வருகிறதா, சரி, மறுநாள் காலையில் அவர்களுக்கு நிலம் யார் கொடுத்தது, கூலி யார் கொடுத்தது?

அப்புறம், விடுதலையை நல்ல எஜமானின் பரிசாக எழுதாதீர்கள். ஹெய்ட்டியில் 1791-இல் அடிமைகளே கிளர்ந்தெழுந்து 1804-இல் தனி நாட்டை அறிவித்தார்கள். உங்கள் கதையிலும் முடிவெடுப்பவர்கள் அவர்களாக இருக்கட்டும். சவுக்கடிக் காட்சியைப் பக்கக்கணக்கில் நீட்ட வேண்டாம், அந்தப் பக்கங்களை அவர்களுடைய பேச்சுக்கும் கோபத்துக்கும் கொடுங்கள்.

டெல்லியில் இருப்பதில் ஒரு வசதி, ஜன்பத்தில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது, போக முடியாதவர்கள் அதன் அபிலேக் படல் இணையதளத்தில் கம்பெனி காலக் கோப்புகளைத் தேடலாம். இந்திய அடிமை முறை பற்றிய 1841 சட்ட ஆணைய அறிக்கையையும் தேடிப் படியுங்கள்.

பழங்கதைதானே என்று நினைக்கவும் வேண்டாம். பக்கத்து ஃபரிதாபாத் கல்குவாரிக் கொத்தடிமைகளைப் பற்றி வந்த கடிதத்தையே மனுவாக ஏற்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 1983 டிசம்பரில், கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்ட பிறகு.

வெளியிடும் முன், கொத்தடிமைக் குடும்பப் பின்னணி உள்ள ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள், அந்த உழைப்புக்குப் பணமும் கொடுங்கள். கதையின் முடிவில் எது நடந்தது, எது உங்கள் கற்பனை என்று நான்கு வரி எழுதுங்கள். நம் கதைகள் பெயர் உதிர்ந்து வாட்ஸ்அப்பில் வரலாறாகவே சுற்றும், அந்த நான்கு வரியைக் கதையோடு ஒட்டியே போடுங்கள்.