எதிர்காலக் காட்சிகளின் அனுமானங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா எனச் சோதிக்கும் முறை

தனித்தனியே படிக்கும்போது நம்பும்படியாக இருக்கும் அனுமானங்கள், எதிர்காலம் எப்படி அமையக்கூடும் என்று விவரிக்கும் ஒரே காட்சிக்குள் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒன்றையொன்று மறுப்பதுண்டு. காட்சியைக் கதையாக எழுதி முடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் முரணைச் சொற்களால் பூசி மறைக்கவே முற்படுவார்கள் என்பதால், சோதனையை எழுத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

அண்ட இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் சுவிக்கி (1898–1974) வளர்த்தெடுத்த உருவியல் பகுப்பாய்வு இதற்கு உதவும். ஒரு சிக்கலைக் காரணிகளாகப் பிரித்து, ஒவ்வொரு காரணியும் எடுக்கக்கூடிய நிலைகளைச் சேர்த்துப் பார்க்கும் முறை இது: ‘மின்தேவை’ ஒரு காரணி என்றால் ‘இருமடங்காகும்’ என்பது அதன் ஒரு நிலை. 6 காரணிகளையும் ஒவ்வொன்றுக்கும் 4 நிலைகளையும் எடுத்துக்கொண்டால் 4,096 சேர்க்கைகள் பிறக்கும். அவற்றை ஒவ்வொன்றாக ஆராய யாராலும் இயலாது. காரணிகளை இரண்டிரண்டாக எதிரெதிரே நிறுத்தினாலோ 15 இணைகள், அட்டவணையில் இணைக்கு 16 கட்டங்கள், ஆக 240 கேள்விகள்தான். ஒரே ஒரு கட்டத்தில் ‘பொருந்தாது’ என்று குறித்தால் 256 சேர்க்கைகள் ஒருசேர விழுந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு விலக்கலுக்கும் காரணத்தை ஒரு வரியிலாவது எழுதி வைக்க வேண்டும் என்கிறேன்.

கட்டத்தை நிரப்பும்போது கேட்க வேண்டியது ‘இது நடக்குமா?’ என்பதன்று, ‘இவ்விரண்டும் ஒரே காலத்தில், ஒரே இடத்தில் சேர்ந்து இருக்க முடியுமா?’ என்பதே. சொற்பொருளிலேயே முரண்படுபவற்றையும், நடைமுறையில் ஒத்துவராதவற்றையும், நமக்கு ஏற்புடையதல்ல என்பதால் விலக்கத் தோன்றுபவற்றையும் வெவ்வேறு குறியீடுகளால் குறியுங்கள். மூன்றாம் வகையை முதலில் விலக்காதீர்கள். விருப்பமின்மை பல வேளைகளில் ‘சாத்தியமில்லை’ என்ற வேடத்தில்தான் வரும். காலக்கெடுவையும் முன்கூட்டியே உறுதி செய்யுங்கள்: 5 ஆண்டுகளில் மோதும் இரண்டு நிலைகள் 20 ஆண்டுகளில் இணங்கிப்போகக்கூடும்.

இணைச் சோதனைக்குத் தப்பும் முரண்களும் உண்டு. ‘மின்தேவை இருமடங்காகும்’, ‘உற்பத்தி உயராது’, ‘கட்டணம் மாறாது’ என்ற மூன்றை எடுத்துக்கொள்வோம். தேவை கூடி உற்பத்தி தேங்கினால் கட்டணம் ஏறலாம். தேவை கூடியும் கட்டணம் மாறாதிருக்க உற்பத்தி பெருகலாம். உற்பத்தியும் கட்டணமும் அப்படியே நிற்கத் தேவை உயராமல் இருக்கலாம். ஆக எந்த இரண்டும் பொருந்தும். மூன்றும் சேர்ந்தாலோ, மின்வெட்டையோ வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தையோ சொல்லாமல் அந்தக் காட்சி நிற்காது. எனவே எஞ்சும் சேர்க்கைகளில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் நான்கைந்தையேனும் முழுமையாக, தொடக்கத்திலிருந்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சொல்லாமல் விட்ட நான்காவது அனுமானம் அப்போதுதான் தென்படும், அதை அட்டவணையில் புதிய காரணியாகச் சேர்த்து, அது தொடும் கட்டங்களை மட்டும் மீண்டும் நிரப்பினால் போதும்.